இன்ஸ்டால் ஆகிவிட்டது, கட்டளைதான் கிடைக்கவில்லை: சூழல் மாறிச் சிக்கல்களைப் பிடிப்பது எப்படி

இன்ஸ்டாலர் கடைசிவரை ஓடி, எல்லாம் சரி என்று சொல்லி மூடிக்கொள்கிறது. கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து பைத்தான் என்றோ ஜாவா என்றோ அடித்தால், அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று கணினி கையை விரிக்கிறது. உடனே பலரும் செய்வது, மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்வது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கோப்புகள் வட்டில் ஒழுங்காகத்தான் இருக்கின்றன. மறுபடி இன்ஸ்டால் செய்தால் இன்னொரு பதிப்பு வேறொரு ஃபோல்டரில் போய் உட்காரும், அல்லது பாத்தில் (கட்டளைகளைத் தேட வேண்டிய ஃபோல்டர்களின் பட்டியல்) இன்னொரு வரி சேரும். இருந்த ஒரு சிக்கல் இரண்டாகும்.

ஒரு குறிப்பு: கட்டளைகளையும் மாறிகளின் பெயர்களையும் இங்கே உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடியுங்கள். குறியீடுகள் அப்படியேதான்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. எந்தப் புரோகிராமும் தொடங்கும்போது, தன்னைத் தொடங்கிவைத்த புரோகிராமிடமிருந்து சூழல் மாறிகளை (பாத் போல, ஒரு பெயரில் வைத்திருக்கும் அமைப்பு மதிப்புகளை) நகலாகப் பெறுகிறது. அதன்பிறகு அந்த நகல் அதன் சொந்தச் சொத்து. வெளியே நீங்கள் எதை மாற்றினாலும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதற்குத் தெரியாது. 1979-இல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலிருந்து இன்றைய விண்டோஸ், லினக்ஸ், மேக் வரை இந்த அடிப்படை மாறவில்லை. ஆகவே "பாத்தில் சேர்த்துவிட்டேனே" என்பது பதில் ஆகாது. தோற்கும் அந்தப் புரோகிராமின் கையில் இப்போது என்ன மதிப்பு இருக்கிறது, அது யாரிடமிருந்து வந்தது என்ற இரண்டையும்தான் பார்க்க வேண்டும்.

எனவே சோதனையை எப்போதும் தோற்கும் இடத்திலிருந்தே தொடங்குங்கள். கமாண்ட் ப்ராம்ப்டில் 'எக்கோ %பாத்%', பவர்ஷெல்லில் '$என்வ்:பாத்', லினக்ஸிலும் மேக்கிலும் 'எக்கோ $பாத்'. செட்டிங்ஸ் ஜன்னலில் தெரிவது சேமித்து வைத்த மதிப்பு. இந்தக் கட்டளை காட்டுவது கையில் இருக்கும் மதிப்பு. இரண்டும் வேறுபட்டால் மதிப்பில் தவறில்லை, நகல்தான் பழையது.

பழைய நகல்

விண்டோஸில் மாறியை மாற்றி ஓகே கொடுத்ததும், மாற்றம் நடந்தது என்ற அறிவிப்பு திறந்திருக்கும் ஜன்னல்களுக்கெல்லாம் போகும். அதைக் கேட்டுத் தன் நகலைப் புதுப்பித்துக்கொள்வது பெரும்பாலும் எக்ஸ்ப்ளோரர் மட்டும்தான். அதனால் ஸ்டார்ட் மெனுவிலிருந்து புதிதாகத் திறக்கும் கமாண்ட் ப்ராம்ப்டுக்குப் புதிய மதிப்பு கிடைக்கிறது. ஏற்கெனவே திறந்திருந்த ஜன்னலுக்குக் கிடைக்காது.

இதுவரை பலருக்கும் தெரியும். அடுத்த படியில்தான் சறுக்குகிறார்கள். நிரல் எழுதும் எடிட்டரான விஎஸ் கோடுக்குள் இருக்கும் டெர்மினலை மூடிவிட்டுப் புதிய டெர்மினல் திறந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். அந்த டெர்மினலைத் தொடங்கிவைப்பது விஎஸ் கோட். அதன் கையில் இருப்பதோ பழைய நகல். எத்தனை டெர்மினல் திறந்தாலும் அதே பழையதுதான் வரும். விஎஸ் கோடின் எல்லா ஜன்னல்களையும் மூடிவிட்டு ஸ்டார்ட் மெனுவிலிருந்து திறக்க வேண்டும். பின்னணியில் ஓடும் விண்டோஸ் சேவைகளுக்குச் சிஸ்டம் மாறியின் (எல்லாப் பயனர்களுக்கும் பொதுவானது) புதிய மதிப்பு தெரிய வேண்டுமானால் பொதுவாகக் கணினியையே மறுதொடக்கம் செய்தாக வேண்டும். விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் நேரடியாகக் கைவைத்து மாற்றினால் அந்த அறிவிப்பே போகாது. அப்போது வெளியேறி மறுபடி உள்நுழைவதுதான் வழி.

ஓடிக்கொண்டிருக்கும் ஒரு புரோகிராமின் நகலை வெளியிலிருந்தே பார்க்கவும் முடியும். விண்டோஸில் மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் உள்ள புராசஸ் எக்ஸ்ப்ளோரரை எடுத்து, புரோகிராமின் மீது இரட்டைக் கிளிக் செய்து, என்விரான்மென்ட் என்ற தாவலைத் திறந்தால் முழுப் பட்டியலும் இருக்கும். லினக்ஸில் '/பிராக்/' என்பதன் கீழ் அந்தப் புராசஸ் எண்ணின் பெயரில் உள்ள ஃபோல்டரில் 'என்விரான்' என்ற கோப்பு. தொடங்கிய நேரத்தில் கிடைத்த மாறிகள் அதில் அப்படியே பதிவாகியிருக்கும். அரை நாள் ஊகித்துக்கொண்டிருப்பதைவிட இதை ஒருமுறை பார்ப்பது மேல்.

யார் முதலில் நிற்கிறார்

நகல் புதியதாக இருந்தும் தவறான பதிப்பு ஓடினால், அது வரிசைச் சிக்கல். பாத் என்பது ஃபோல்டர்களின் வரிசை. இடமிருந்து வலமாகத் தேடி, முதலில் கிடைப்பதைக் கணினி ஓட்டிவிடும். பின்னால் எத்தனை நல்ல பதிப்புகள் இருந்தாலும் அங்கே போய்ப் பார்க்காது.

கமாண்ட் ப்ராம்ப்டில் 'வேர் ஜாவா' என்று அடித்தால் எல்லா இடங்களையும் வரிசையாகக் காட்டும். ஒரு கணினியில் இப்படி வருகிறது என்று வையுங்கள்:

சி:\புரோகிராம் ஃபைல்ஸ்\காமன் ஃபைல்ஸ்\ஆரக்கிள்\ஜாவா\ஜாவாபாத்\ஜாவா.எக்ஸ்இ
சி:\புரோகிராம் ஃபைல்ஸ்\ஜாவா\ஜேடிகே-21\பின்\ஜாவா.எக்ஸ்இ

இந்தக் கணினியில் 'ஜாவா -வெர்ஷன்' என்றால் முதல் வரியில் உள்ளதுதான் பேசும். ஆரக்கிளின் இன்ஸ்டாலர் ஜாவாபாத் ஃபோல்டரைச் சிஸ்டம் பாத்தின் தலையிலேயே வைத்துவிடுவதால் வரும் நிலை இது. அந்த ஃபோல்டரில் ஜாவாசி (ஜாவா நிரலைக் கம்பைல் செய்யும் கருவி) இல்லாவிட்டால், தேடல் அடுத்த இடத்துக்குப் போய் ஜேடிகே 21-இல் (ஜாவா நிரல் எழுதுவதற்கான தொகுப்பு) உள்ள ஜாவாசியை எடுத்துக்கொள்ளும். கம்பைல் செய்தது புதிய பதிப்பு, ஓட்டுவது பழைய பதிப்பு. 'அன்சப்போர்டட் கிளாஸ் வெர்ஷன்' என்ற பிழை பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கிறது. ஆகவே 'ஜாவா -வெர்ஷன்', 'ஜாவாசி -வெர்ஷன்' இரண்டையும் சேர்த்தே சோதியுங்கள்.

பவர்ஷெல்லில் 'வேர்' என்றால் எதுவும் காட்டாது. அங்கே அந்தச் சொல் வேறொரு கட்டளையின் சுருக்கப் பெயர். 'வேர்.எக்ஸ்இ ஜாவா' என்று முழுப்பெயர் கொடுங்கள், அல்லது 'கெட்-கமாண்ட் ஜாவா -ஆல்'. லினக்ஸிலும் மேக்கிலும் 'டைப் -ஏ ஜாவா' நல்லது. லினக்ஸில் பொதுவாக 'விச்' பாத்தை மட்டும் பார்க்கும். 'டைப்' அலியாஸ்களையும் ஷெல் ஃபங்ஷன்களையும் சேர்த்துச் சொல்லிவிடும்.

வரிசையை மாற்றும்போது ஒரு விதியை மறக்கக் கூடாது. விண்டோஸ் முதலில் சிஸ்டம் பாத்தை வைத்து, அதன் பின்னால்தான் பயனர் பாத்தை ஒட்டுகிறது. பழைய ஜாவா சிஸ்டம் பாத்தில் இருந்தால், உங்கள் ஃபோல்டரைப் பயனர் பாத்தின் உச்சியில் வைத்தாலும் பயனில்லை. பாத் அல்லாத மற்ற மாறிகளுக்கோ நேர்மாறு: ஜாவா இருக்கும் இடத்தைச் சொல்லும் ஜாவா_ஹோம் இரண்டு இடத்திலும் இருந்தால் பயனருடைய மதிப்பே வெல்லும். சிஸ்டம் பகுதியில் சரியாகத் திருத்தியும் பழைய மதிப்பே வந்துகொண்டிருந்தால், பயனர் பகுதியில் ஒரு பழைய ஜாவா_ஹோம் ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஜாவா_ஹோம் பற்றி இன்னும் ஒன்று. அது ஜேடிகேயின் வேர் ஃபோல்டரைக் காட்ட வேண்டும். அதற்குள் இருக்கும் 'பின்' ஃபோல்டரை அல்ல. மேவன், கிரேடில் போன்ற ஜாவா கருவிகள் அந்த மதிப்போடு '\பின்\ஜாவா' என்பதைத் தாமே ஒட்டிக்கொள்கின்றன. நீங்களும் 'பின்' சேர்த்திருந்தால் பின்\பின் என்று இல்லாத இடத்தைத் தேடித் தோற்கும். சோதிக்க: மேற்கோள் குறியோடு "%ஜாவா_ஹோம்%\பின்\ஜாவா" -வெர்ஷன். இது ஓடினால் ஜாவா_ஹோம் சரி. வெறும் 'ஜாவா' தோற்றால் தவறு பாத்தில் மட்டும்.

பைத்தானுக்கு விண்டோஸில் தனிச் சிக்கல் உண்டு. பைத்தான் என்று அடித்ததும் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறந்துகொள்ளும். லோக்கல்ஆப்டேட்டாவின் கீழ் மைக்ரோசாஃப்ட்\விண்டோஸ்ஆப்ஸ் ஃபோல்டரில் பைத்தான்.எக்ஸ்இ என்ற பெயரில் 0 பைட் அளவுள்ள ஒரு கோப்பு இருக்கிறது. ஸ்டோருக்கு வழிகாட்டுவதுதான் அதன் வேலை. உண்மையான பைத்தானின் ஃபோல்டரை நீங்கள் பயனர் பாத்தின் கடைசியில் சேர்த்திருந்தால், இந்தக் கோப்பு முந்திக்கொள்ளும். ஃபோல்டரை மேலே நகர்த்துங்கள், அல்லது செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குள் 'ஆப் எக்ஸிக்யூஷன் அலியாஸஸ்' என்ற பக்கத்தில் பைத்தானுக்கான இரண்டையும் அணைத்துவிடுங்கள். பைத்தான் இன்ஸ்டாலரின் முதல் திரையில், கீழே, பாத்தில் சேர்க்கவா என்று ஒரு டிக் பெட்டி இருக்கும். தானாக டிக் ஆகியிருக்காது, நாம்தான் போட வேண்டும். அதைத் தவறவிட்டாலும் பி, ஒய் என்ற இரண்டெழுத்து லாஞ்சர் பல கணினிகளில் வேலை செய்யும். அதனுடன் '-0பி' சேர்த்தால் எந்தெந்தப் பதிப்பு எங்கே இருக்கிறது என்று காட்டும். பைத்தான் தொகுப்புகளை இன்ஸ்டால் செய்யும் பிப்பை நேரடியாக அழைக்காமல் 'பைத்தான் -எம் பிப்' என்று அழைப்பது நல்ல பழக்கம். எந்தப் பைத்தானை ஓட்டுகிறீர்களோ அதற்கே தொகுப்பு போய்ச் சேரும்.

செட்எக்ஸ் செய்யும் சேதம்

செட்எக்ஸ் என்பது மாறியை நிரந்தரமாகச் சேமிக்கும் விண்டோஸ் கட்டளை. அதை வைத்து இணையத்தில் இறைந்து கிடக்கும் ஒரு வரியை மட்டும் தயவுசெய்து பயன்படுத்தாதீர்கள்:

செட்எக்ஸ் பாத் "%பாத்%;சி:\கருவிகள்\பின்"

பார்க்கச் சாதுவாக இருக்கும். உள்ளே நடப்பது வேறு. %பாத்% என்பது சிஸ்டம், பயனர் இரண்டும் சேர்ந்த முழு நீளம். அது அப்படியே பயனர் பாத்துக்குள் எழுதப்படும். சிஸ்டம் பகுதியில் இருந்ததெல்லாம் இங்கே இன்னொரு முறை வரும். அதோடு, செட்எக்ஸ் 1024 எழுத்துக்கு மேல் சேமிக்காது. மீதியை வெட்டிவிடும், சில சமயம் ஒரு ஃபோல்டர் பெயரின் நடுவிலேயே. நீங்கள் புதிதாகச் சேர்த்ததுதான் கடைசியில் இருக்கிறது, அதனால் முதலில் போவதும் அதுதான். எச்சரிக்கை வரி ஒன்று வரும். ஆனால் அதற்குள் வெட்டுப்பட்ட மதிப்பு பதிந்திருக்கும். '/எம்' சேர்த்து ஓட்டினால் இதே வெட்டு சிஸ்டம் பாத்திலேயே விழும். இத்தனைக்கும் ஒரு சூழல் மாறியில் விண்டோஸ் 32,767 எழுத்துவரை வைத்துக்கொள்ளும். குறை இந்தக் கருவியில்தான். விண்டோஸ் 10 முதல் பாத்தை வரிவரியாகக் காட்டும் திருத்தும் ஜன்னல் இருக்கிறது, அதையே பயன்படுத்துங்கள்.

ஏற்கெனவே வெட்டுப்பட்டுவிட்டதா? திறந்திருக்கும் எந்தக் கமாண்ட் ப்ராம்ப்டையும் மூடாதீர்கள். முன்பு தொல்லை கொடுத்த பழைய நகல் இப்போது உங்களைக் காப்பாற்றும்: மாற்றத்துக்கு முன் திறந்த ஜன்னலில் முழுப் பாத்தும் பத்திரமாக இருக்கிறது. 'எக்கோ %பாத்%' என்பதன் வெளியீட்டை ஒரு கோப்பில் சேமித்து, அதைப் பார்த்துத் திரும்பக் கட்டலாம். அப்படி ஒரு ஜன்னலும் இல்லையென்றால், 'பிங்', 'ஐபிகான்ஃபிக்' கூடக் கிடைக்கவில்லையென்றால், சிஸ்டம் பாத்தில் முதலில் இவற்றைச் சேருங்கள்: %சிஸ்டம்ரூட்%\சிஸ்டம்32, %சிஸ்டம்ரூட்%, சிஸ்டம்32-க்குள் உள்ள டபிள்யூபெம், விண்டோஸ்பவர்ஷெல்\வி1.0. விண்டோஸ் தன் காலில் நிற்க இவை போதும். மற்றவற்றை நிதானமாகச் சேர்க்கலாம்.

அலுவலகக் கணினிகளில் இன்னொரு தடங்கல் வரும். நிர்வாகி உரிமை இல்லாத பயனர் சிஸ்டம் மாறிகளுக்கான ஜன்னலைத் திறந்தால் நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்கும். கொடுத்து உள்ளே போனால், மேல் பெட்டியில் இருக்கும் பயனர் மாறிகள் உங்களுடையவை அல்ல, அந்த நிர்வாகியுடையவை. பெட்டியின் தலைப்பில் பெயர் எழுதியிருக்கும், பாருங்கள். உங்களுக்கானதை மாற்ற, ஸ்டார்ட் மெனுவில் தேடும்போது வரும் இரண்டு முடிவுகளில் 'உங்கள் கணக்குக்கானது' என்று சொல்வதைத் திறக்க வேண்டும்.

லினக்ஸ், மேக்

இங்கே கேள்வி, எந்தக் கோப்பில் எழுதினீர்கள் என்பது. டெர்மினலில் கட்டளைகளை வாங்கி ஓட்டும் புரோகிராம்தான் ஷெல்; லினக்ஸில் அது பெரும்பாலும் பாஷ். பாஷ், உள்நுழைவு ஷெல்லாகத் தொடங்கும்போது .பாஷ்_புரொஃபைல், .பாஷ்_லாகின், .புரொஃபைல் என்ற வரிசையில் தேடி, முதலில் கிடைக்கும் ஒன்றை மட்டும் படிக்கும். சாதாரணமாகத் திறக்கும் டெர்மினல் .பாஷ்ஆர்சி-யைப் படிக்கும். ஏதோ ஒரு கருவியின் இன்ஸ்டாலர் புதிதாக .பாஷ்_புரொஃபைல் ஒன்றை உருவாக்கிவிட்டால், அன்றிலிருந்து .புரொஃபைல் படிக்கப்படாமலே கிடக்கும். நேற்றுவரை வேலை செய்த பல கட்டளைகள் ஒரே நாளில் காணாமல்போனால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

உபுண்டுவில் பிப்எக்ஸ் போன்ற இன்ஸ்டால் கருவிகள் ஹோம் ஃபோல்டரில் .லோக்கல்/பின் என்ற இடத்தில் கட்டளையை வைக்கும். உபுண்டுவின் .புரொஃபைல் அதைப் பாத்தில் சேர்க்கும்தான், ஆனால் உள்நுழையும் நேரத்தில் அந்த ஃபோல்டர் இருந்தால் மட்டுமே. முதன்முறை இன்ஸ்டால் செய்யும்போதுதான் ஃபோல்டரே உருவாகிறது. எனவே ஒருமுறை வெளியேறி உள்நுழைந்தால் சரியாகிவிடும். வேறெதையும் திருத்த வேண்டியதில்லை.

மேக்கில் 2019-இல் வந்த கேட்டலினா முதல் இயல்பு ஷெல் இசட்ஷெல். பழைய வழிகாட்டியைப் பார்த்து .பாஷ்_புரொஃபைலில் எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள்; .இசட்புரொஃபைலிலோ .இசட்எஸ்ஹெச்ஆர்சி-யிலோ எழுதுங்கள். மேக்கில் மென்பொருள் இன்ஸ்டால் செய்ய உதவும் ஹோம்ப்ரூ, ஆப்பிள் சிலிக்கான் கணினிகளில் /ஆப்ட்/ஹோம்ப்ரூ-விலும், இன்டெல் கணினிகளில் /யூஎஸ்ஆர்/லோக்கல்-லிலும் அமர்கிறது. பழைய மேக்கிலிருந்து அமைப்புக் கோப்புகளை அப்படியே கொண்டுவந்தவர்களுக்குக் கட்டளை கிடைக்காததற்கு இந்த இடமாற்றமே காரணமாக இருப்பதுண்டு. டாக்கிலிருந்து கிளிக் செய்து திறக்கும் செயலிகள் இந்த ஷெல் கோப்புகளைப் படிப்பதே இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

டெர்மினலில் ஓடுகிறது, நிர்வாகி உரிமையோடு ஓட்டும் சுடோ போட்டால் கிடைக்கவில்லை என்றால், சுடோ உங்கள் பாத்தை ஒதுக்கிவிட்டுத் தன் அமைப்பில் உள்ள 'செக்யூர்_பாத்' பட்டியலைப் பயன்படுத்துகிறது. கட்டளையின் முழு முகவரியைக் கொடுத்துவிடுவது எளிய தீர்வு. குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானும் அப்படித்தான்: பல கணினிகளில் அதன் கையில் இருப்பது /யூஎஸ்ஆர்/பின், /பின் இரண்டு மட்டும். அதன் பட்டியல் கோப்பான கிரான்டேப்பின் தலையில் பாத்தை முழுதாக எழுதுங்கள். $பாத் என்று எழுதினால் அங்கே விரியாது. லினக்ஸில் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டியின் சேவைக் கோப்பிலும் $பாத் விரியாது.

ஒரு கட்டளையை நீக்கி வேறிடத்தில் இன்ஸ்டால் செய்த பிறகும் பாஷ் பழைய இடத்தையே தேடினால் 'ஹேஷ் -ஆர்' அடியுங்கள். முன்பு கண்ட முகவரியை அது நினைவில் வைத்திருக்கிறது.

பாத்தை எழுதும்போது பின்னால் $பாத் சேர்க்க மறந்து, 'எல்எஸ்' கூட ஓடாமல் போனால் பதற வேண்டாம். அந்த ஜன்னலிலேயே 'எக்ஸ்போர்ட் பாத்=/யூஎஸ்ஆர்/பின்:/பின்' என்று அடித்தால் அடிப்படைக் கட்டளைகள் திரும்பிவிடும்; பிறகு கோப்பைத் திருத்துங்கள்.

மதிப்பிலேயே பிழை

கண்ணுக்குத் தெரியாத எழுத்துகள்தான் இங்கே எதிரி. கமாண்ட் ப்ராம்ப்டில் 'செட் ஜாவா_ஹோம் = சி:\ஜேடிகே' என்று சமக்குறிக்கு முன்னும் பின்னும் இடைவெளி விட்டால், பெயரின் கடைசியில் இடைவெளி உள்ள வேறொரு மாறி உருவாகும். ஜாவா_ஹோமுக்கு ஒன்றும் ஆகாது. பவர்ஷெல்லில் 'செட்' சூழல் மாறியைத் தொடுவதே இல்லை; அங்கே '$என்வ்:பெயர் = "மதிப்பு"'. விண்டோஸ் பாத்தில் ஃபோல்டர் பெயரில் இடைவெளி இருந்தாலும் மேற்கோள் குறி போட வேண்டாம். லினக்ஸில் மேற்கோள் குறிக்குள் ~ போட்டால் அது ஹோம் ஃபோல்டராக விரியாது. $ஹோம் என்று எழுதுங்கள்.

விண்டோஸில் திருத்திய கோப்பை லினக்ஸுக்குக் கொண்டுபோனால் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஒரு கூடுதல் எழுத்து ஒட்டிக்கொண்டு வரும். மதிப்பு பார்க்கச் சரியாக இருக்கும், ஒப்பிட்டால் பொருந்தாது. 'கேட் -ஏ' என்பதில் ஏ-யைப் பெரிய எழுத்தில் அடித்துப் பார்த்தால், லினக்ஸில் வரி முடிவில் ^எம் என்று தெரியும்.

.என்வ் கோப்பை (ஒரு செயலிக்கான மாறிகளை எழுதி வைக்கும் கோப்பு) இயங்குதளம் படிப்பதில்லை. உங்கள் செயலியில் உள்ள நூலகம்தான் படிக்கிறது. அந்தப் பெயரில் ஒரு மாறி ஏற்கெனவே இருந்தால், நோடிலும் பைத்தானிலும் உள்ள டாட்என்வ் நூலகங்கள் இயல்பாக அதை மாற்றாமல் விட்டுவிடும். கோப்பைத் திருத்தித் திருத்தி அலுத்துப்போகும் முன், அதே பெயர் சிஸ்டத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். 'டாக்கர் ரன்' கட்டளைக்கு '--என்வ்-ஃபைல்' கொடுத்தால் மேற்கோள் குறிகளும் மதிப்பின் பகுதியாகவே உள்ளே போகும்.

சம்பந்தமில்லாததுபோல் தெரியும் மாறிகள்

பைத்தான் தொடங்கும்போதே 'என்கோடிங்ஸ்' என்ற தொகுதி இல்லை என்று சொல்லி விழுந்தால், பைத்தான்ஹோம் மாறியைப் பாருங்கள். வேறொரு மென்பொருள் தன் சொந்தப் பைத்தானுக்காக அதை அமைத்துவிட்டுப் போயிருக்கலாம். நீக்கினால் சரியாகும்.

இன்ஸ்டாலர் தன்னைப் பிரித்துக்கொள்ளவே முடியாமல் நின்றால் தற்காலிக ஃபோல்டரைச் சந்தேகியுங்கள். விண்டோஸில் டிஎம்பி, டெம்ப் என்று இரண்டு மாறிகள் உண்டு. பல புரோகிராம்கள் டிஎம்பி-யைத்தான் முதலில் பார்க்கின்றன, ஆகவே டெம்பை மட்டும் திருத்தினால் போதாது. இரண்டும் உண்மையில் இருக்கும், எழுத அனுமதியுள்ள ஒரே ஃபோல்டரைக் காட்டட்டும்.

பிராக்ஸி உள்ள வலையமைப்பில் கர்ல் (டெர்மினலிலிருந்து இணைய முகவரிகளை அழைக்கும் கட்டளை) மட்டும் வெளியே போக மறுத்தால், ஹெச்டிடிபி_பிராக்ஸி என்ற பெயரைச் சிறிய எழுத்துகளில் எழுதியிருக்கிறீர்களா என்று பாருங்கள். பாதுகாப்புக் காரணத்துக்காக இந்த ஒரு மாறியைக் கர்ல் சிறிய எழுத்தில் மட்டுமே ஏற்கிறது. மற்ற பிராக்ஸி மாறிகளை இரண்டு வடிவிலும் ஏற்கும்.

இத்தனையும் பார்த்துத் தீராமல் பிறரிடம் உதவி கேட்பதானால் மூன்றை அனுப்புங்கள்: பிழைச் செய்தியின் முழு வரி, தோற்கும் ஜன்னலிலேயே எடுத்த பாத்தின் வெளியீடு, 'வேர்' அல்லது 'டைப் -ஏ' காட்டிய பட்டியல். 'செட்', 'என்வ்' கட்டளைகளின் முழு வெளியீட்டை ஒட்டாதீர்கள். ஏபிஐ சாவிகளும் டேட்டாபேஸ் கடவுச்சொற்களும் பல நேரம் அதற்குள்தான் இருக்கின்றன. தவறிப்போய் ஒட்டிவிட்டால், பதிவை அழிப்பதோடு நிற்காமல் அந்தச் சாவிகளை உடனே மாற்றிவிடுங்கள்.